ஓடிப்போனவங்களும் தோலாதவங்களும்

"ஓடிப்போயாரு! ஓடிப்போயாரு!"

ஹைதராபாத் ஜீடிமெட்லால எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு காலி மனை இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா அங்கேர்ந்து இந்தச் சத்தம் கேக்கும். ஊர்லேர்ந்து வந்திருந்த எங்கம்மா முதல் தடவை கேட்டப்போ கைல இருந்த முறத்தைப் போட்டுட்டு வாசலுக்கே வந்துட்டாங்க.

"யாருடா ஓடிப்போனது? எந்த வீட்டுப் பொண்ணு?"

யாரும் ஓடிப்போகலம்மா. கிரிக்கெட்ல தோத்துட்டாங்க, அவ்ளோதான்.

தெலுங்குல "ஓடு"ன்னா தோத்துப்போறது. "ஓடிப்போயாரு"ன்னா தோத்துட்டாங்க. தோல்விக்குப் பேரு "ஓட்டமி". ஜெயிச்ச பசங்க கத்தறது "கெலிச்சாம்!" (இது நமக்கு உடனே புரிஞ்சிடும். சென்னைப் பக்கம் "கெலிச்சுட்டான்டா"ன்னு சொல்றவங்க இன்னைக்கும் இருக்காங்க. நம்ம "வெல்"லும் இவங்க "கெலுச்சு"வும் ஒரே வேர்ன்னு பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி சொல்லுது.)

ஆனா அம்மா காதுல விழுந்தது இருக்கே, அதுல ஒரு பழைய உண்மை இருக்கு. சண்டைல தோத்தவன் என்ன பண்ணுவான்? ஓடுவான். நாமளும் தோத்ததைச் சொல்ல "புறமுதுகு காட்டினான்", "புறங்கொடுத்தான்"னுதானே சொல்றோம்? முதுகு தெரியணும்னா ஆள் திரும்பியிருக்கணும். திரும்பினவன் சும்மா நிப்பானா?

அப்போ நம்ம பழைய ஆளுங்களுக்குத் தோக்காதவன்னா யாரு? ஜெயிச்சவன் இல்ல. ஓடாதவன்.

இதை நான் சும்மா சொல்லல. புறநானூறு 278-ஐ எடுத்துப் பாருங்க, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடினது. மகன் சண்டைல முதுகு காட்டி ஓடிட்டான்னு பல பேர் சொல்லிட்டாங்க. அந்தக் கிழவி வாளை எடுத்துட்டுப் போர்க்களத்துக்கே போயி ஒவ்வொரு பிணமாப் புரட்டிப் பாக்கறா. மகன் உடம்பு துண்டு துண்டாக் கிடக்கு. ஆனா அவன் முதுகு காட்டல. பெத்தப்போ பட்ட சந்தோஷத்தைவிட அதிகமா சந்தோஷப்பட்டாள்னு பாட்டு முடியுது. பையன் செத்துட்டான். அவன் பக்கம் ஜெயிச்சுதா தோத்துதான்னு பாட்டுல ஒரு சொல் கிடையாது. அந்தத் தாய்க்கு அது தேவைப்படவே இல்ல.

இன்னொண்ணு வெண்ணிப் போர். கரிகாலன் ஜெயிச்சான். எதிர்ல நின்ன சேரமான் பெருஞ்சேரலாதன் மார்புல பாஞ்ச வேல் முதுகு வழியா வெளில வந்துடுச்சு. ஓடினதால வந்த காயம் இல்ல, ஆனாலும் முதுகுல ஒரு புண். அந்த அவமானத்துக்காக வடக்கிருந்து உயிரை விட்டான். அதுக்கப்புறம் வெண்ணிக் குயத்தியார்னு ஒரு பொம்பளை ஜெயிச்ச கரிகாலனைப் பாத்தே, உன்னைவிட அவன் நல்லவன் இல்லையான்னு கேட்டுட்டாங்க (புறம் 66). அதுவும் யாரை? கரிகாலனை! எனக்குத் தெரிஞ்சு "தோக்காதவன் யாரு"ங்கற கேள்விக்கு இதைவிட நேர்மையான பதில் தமிழ்ல இல்ல.

சரி, இப்போ எதுக்கு இவ்ளோ பேசறேன்னா, ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்.

(இங்க "ஃப்ளெக்ஸி"ன்னு சொல்வாங்க. பிறந்தநாள், கிரகப்பிரவேசம், காணாமப்போன நாய்க்குட்டி, எல்லாத்துக்கும் ஃப்ளெக்ஸி உண்டு.)

எங்க அடுக்குமாடிப் பசங்க டீம் இந்த சீசன்ல ஒரு மேட்ச்கூடத் தோக்கல. எல்லாம் ஜெயிச்சாங்களான்னா, இல்ல. ஒண்ணு மழைல பாதில நின்னுபோச்சு, ஒண்ணு சமன்ல முடிஞ்சுது. ஆனா தோக்கல. டீம்ல பாதி தெலுங்குப் பசங்க, கொஞ்சம் இந்திக்காரப் பசங்க, மீதி நம்ம ஆளுங்க வீட்டுப் பசங்க. அப்பாமாரு இண்டஸ்ட்ரியல் ஏரியால மருந்துக் கம்பெனி, பிளாஸ்டிக் கம்பெனின்னு வேலை பாக்கறவங்க. அதனால பேனர்ல மூணு மொழி வேணும்னு முடிவாச்சு. தெலுங்குல ஒரே நிமிஷத்துல எழுதிட்டாங்க, "அஜேயம்"னு. இந்திலயும் கிட்டத்தட்ட அதே. தமிழ் மட்டும் எங்கிட்ட வந்துச்சு.

"அங்கிள், ஒரே ஒரு வேர்டு போதும்."

அந்த ஒரு சொல்லுக்காக நான் பட்ட பாடு இருக்கே!

முதல்ல "வெல்ல முடியாத அணி"ன்னு எழுதிப் பாத்தேன். பாத்த உடனே மனசு ஒப்பல. வெல்ல முடியாதுன்னு யார் சொன்னது? அடுத்த வாரமே ஷாபூர் நகர் பசங்க வந்து வெளுத்துட்டுப் போகலாம். இதுவரைக்கும் தோக்கலங்கறது நடந்த விஷயம். இனிமே யாராலயும் ஜெயிக்க முடியாதுங்கறது ஜோசியம்.

அப்போதான் தெலுங்குப் பேனர்லயும் அதே ஜோசியம் இருக்கறது உறைச்சுது. வடமொழில ரெண்டு தனித்தனிச் சொல் இருக்கு. "அஜித"ன்னா வெல்லப்படாதவன், அதாவது இதுவரைக்கும். "அஜேய"ன்னா வெல்லப்பட முடியாதவன், அதாவது எப்பவுமே. நம்ம ஹீரோ அஜித்தோட பேரு முதல் வகை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைல செஞ்ச டி-72 டாங்கிக்கு நம்ம ராணுவம் வெச்ச பேரு "அஜேயா", அது ரெண்டாவது வகை. டாங்கிக்கு அது சரிதான். எதிர்ல வர்றவனுக்கு பயம் வரணும்னே வெக்கற பேரு. பன்னெண்டு வயசுப் பசங்களுக்கு எதுக்கு?

ஆனா தெலுங்குப் பத்திரிகைகள்ல விளையாட்டுப் பக்கம் முழுக்க "அஜேய"தான். ஒருத்தர் அவுட் ஆகாம நூறு அடிச்சா அது "அஜேய சதகம்". (நமக்கு சதகம்னா அறப்பளீசுர சதகம்தான் ஞாபகம் வரும். அம்பலவாணக் கவிராயர் பேட் புடிக்கற மாதிரி ஒரு நிமிஷம் கண்ணுல வந்துட்டுப் போகும், எனக்கு அது ரொம்பப் பிடிச்ச காட்சி.)

அடுத்து "தோல்வியறியா அணி". தெலுங்குலயும் இதே மாதிரி "ஓட்டமி எருகனி"ன்னு உண்டு, அரசியல் தலைவருங்களுக்குப் போடுவாங்க. நம்ம ஊர்ல இதுக்குப் பொருத்தமான உதாரணம் கருணாநிதி. 1957 குளித்தலைல ஆரம்பிச்சு 2016 திருவாரூர் வரைக்கும் 13 சட்டமன்றத் தேர்தல்ல நின்னு ஒண்ணுலகூடத் தோக்கல. 1991ல கட்சி அடியோட சரிஞ்சப்பகூட துறைமுகம் தொகுதில 890 ஓட்டு வித்தியாசத்துல தப்பிச்சு வந்தாரு. அவரைப் பத்தி எழுதறவங்க எல்லாரும் "தேர்தலில் தோல்வியே காணாதவர்"னு எழுதுவாங்க. சரியான வாக்கியம். ஆனா கொஞ்சம் யோசிச்சா, தோல்வி காணாத, தோல்வி அறியாத, தோல்வியே கண்டிராத... எல்லாமே சுத்தி வளைச்சுதான் வருது. தோல்விங்கற சொல்லைத் தூக்கி நடுவுல வெச்சு, அதை இவர் பாக்கலன்னு சொல்றோம். ஒரே எட்டுல சொல்ல ஒரு சொல் இருந்தா நல்லாயிருக்குமே?

"வீழாத" நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மரம், கோட்டை மாதிரி ஒரு நெனப்பு வருது. "அசைக்க முடியாத"ன்னா பேங்க் விளம்பரம். "வாகை சூடிய" ரொம்ப அழகு, ஆனா அது ஜெயிச்சவங்களுக்கு. மழைல நின்னுபோன மேட்சுக்கு எப்படி வாகை சூடறது?

ராத்திரி படுத்துட்டு யோசிச்சப்போ ஒரு பேரு வந்து நின்னுச்சு.

தோலாமொழித்தேவர்.

பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. ஐஞ்சிறுகாப்பியங்கள்ல ஒண்ணான சூளாமணியை எழுதினவர், சமணர். சி.வை. தாமோதரம் பிள்ளை 1889ல அதை அச்சுல கொண்டுவந்தார். ஆனா எத்தனை பேர் அந்தப் பேருக்கு அர்த்தம் கேட்டிருப்போம்? தோலும் இல்ல, தோளும் இல்ல. தோலா மொழி. தோத்துப்போகாத பேச்சு. வாதத்துல யார்கிட்டயும் தோக்காத வாக்கு இருக்கறவர்.

எழுந்து உக்காந்துட்டேன்.

இந்தச் சொல் எப்படி வந்துச்சுன்னு பாத்தா அவ்ளோ எளிமை. "கல்"லுங்கற வினையைப் பாருங்க. கற்றான், கற்கிறான், கற்பான். எதிர்மறைல? "கற்காத"ன்னும் சொல்றோம், "கல்லாத"ன்னும் சொல்றோம். "ஏல்"ங்கறதும் இப்படித்தான்: ஏற்றான், ஏற்கிறான், ஏலாத. (யாழ்ப்பாணத்துக்காரங்க கிட்ட "ஏலாது" எவ்ளோ உயிரோட இருக்குன்னு கேட்டுப் பாருங்க, நாள் பூரா அதைச் சொல்வாங்க.) "நில்"லுக்கு நில்லாத. அதே வரிசைல "தோல்": தோற்றான், தோற்கிறான், தோற்பான். அப்போ எதிர்மறை?

தோலாத.

அவ்ளோதான். யாரும் கண்டுபிடிச்ச சொல் இல்ல, வடமொழிலேர்ந்து வாங்கினதும் இல்ல. நம்ம வினையோட சொந்தக் கிளை. "தோல்வி"ங்கறதே இந்தத் "தோல்"லேர்ந்து வந்ததுதான். கல்லாதவனை வெச்சுக்கிட்டோம், தோலாதவனை மட்டும் எங்கயோ விட்டுட்டோம். விட்டதுக்குக் காரணம் எனக்குத் தெரிஞ்சு அந்த இன்னொரு தோல்தான். உடம்புத் தோல், வாழைப்பழத் தோல். காதுல விழும்போது குழப்பம் வரும்னு "தோற்காத"வை எடுத்துக்கிட்டாங்க போல.

ஆனா "தோலாத"ல இருக்கற அளவு பாருங்க. அது பீத்தல. ஜெயிச்சான்னு சொல்லல. இனிமே தோக்க மாட்டான்னும் சொல்லல. தோக்கல, அவ்ளோதான். மழைல நின்ன மேட்சும் அதுக்குள்ள அடங்குது, சமனும் அடங்குது.

இந்த சமன் விஷயத்தைக் கொஞ்சம் பேசியே ஆகணும், ஏன்னா உலகம் பூரா இதுல குழப்பம்.

காமா பயில்வானை எடுத்துக்குங்க. 1910 செப்டம்பர்ல லண்டன்ல போலந்து மல்லன் ஸ்பிஷ்கோவோட மோதினார். ரெண்டரை மணி நேரத்துக்கு மேல நடந்துச்சு. ஸ்பிஷ்கோ பெரும்பாலான நேரம் தரையோட ஒட்டிப் படுத்துக்கிட்டார். காமா எவ்ளோ புரட்டியும் அசையல. சமன். மறுபடி மோதறதுக்கு வெச்ச நாள்ல ஸ்பிஷ்கோ வரவே இல்ல. அப்புறம் 1928ல பாட்டியாலால ரெண்டு பேரும் திரும்ப மோதினப்போ ஒரு நிமிஷத்துக்குள்ள காமா முடிச்சுட்டார். லண்டன்ல காமா ஜெயிச்சாரா? பிடில ஜெயிக்கல. தோத்தாரா? கிடையவே கிடையாது. அந்த ரெண்டரை மணி நேரத்துக்கு "தோலாத"ங்கறதுதான் சரியான பேரு. (ஸ்பிஷ்கோவுக்கும் அந்தப் பேரு பொருந்தும். அன்னைக்கு மட்டும்.)

கால்பந்து பாக்கறவங்களுக்கு ஆர்சனல் கதை தெரியும். 2003-04 சீசன்ல 38 ஆட்டம், 26 வெற்றி, 12 சமன், தோல்வி இல்லவே இல்ல. அந்த அணிக்கு உலகமே வெச்ச பேரு "இன்வின்சிபிள்ஸ்", வெல்ல முடியாதவங்க. அடுத்த சீசன் அக்டோபர்ல மான்செஸ்டர் யுனைடெட் ஜெயிச்சுக் காட்டிடுச்சு, 49 ஆட்டத்தோட ஓட்டம் நின்னுது. அவங்க செஞ்சது பெரிய சாதனை, அதுல சந்தேகமே இல்ல. பேருதான் ஒரு அளவு பெருசு.

நம்ம ஹாக்கி அணி இன்னும் ஒரு படி மேல. 1928லேர்ந்து 1960 வரைக்கும் ஒலிம்பிக்ல வரிசையா 30 ஆட்டம் ஜெயிச்சாங்க. அங்க சமன்கூடக் கிடையாது. 1960 ரோம் இறுதி ஆட்டத்துல பாகிஸ்தான் ஒரே ஒரு கோல்ல நிறுத்துச்சு.

இப்போ ஹைதராபாத்துல இருந்துக்கிட்டு கிரிக்கெட் ஆட்டக்காரர் லக்ஷ்மணைப் பேசலன்னா ஊர்க்காரங்க மன்னிக்க மாட்டாங்க.

"இதுவரைக்கும்"ங்கறதை ஒரே ஒரு குறில அடக்கின விளையாட்டு கிரிக்கெட். அவுட் ஆகாதவங்க ஸ்கோருக்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் போடுவாங்களே, அது. 2001 மார்ச் 14, ஈடன் கார்டன்ஸ். ஃபாலோ ஆன் வாங்கின இந்தியா. காலைல 254க்கு 4. சாயங்காலம் 589க்கு 4. நாள் பூரா ஆஸ்திரேலியாவுக்கு ஒரு விக்கெட்டும் இல்ல. லக்ஷ்மண் 275, நட்சத்திரம். திராவிட் 155, நட்சத்திரம். மறுநாள் லக்ஷ்மண் 281ல அவுட், நட்சத்திரம் போச்சு. ஆனா அந்த ராத்திரி பூரா அந்த நட்சத்திரம் உண்மை. நாடே அதை நம்பித்தான் தூங்குச்சு.

அவரோட இன்னொரு நட்சத்திரம் போகவே இல்ல. 2010 அக்டோபர் 5, மொஹாலி. வேண்டியது 216. எட்டு விக்கெட் போனப்போ 124. முதுகு வலில நிக்க முடியாம லக்ஷ்மண், அவருக்கு ஓடறதுக்கு ரெய்னா. இஷாந்த் சர்மா 31 அடிச்சுக் கைகொடுத்தார். கடைசில கூட நின்னது பிரக்யான் ஓஜா, அவரும் ஹைதராபாத் டீம் ஆளு. அமைதியே உருவான லக்ஷ்மண் அன்னைக்கு ஓஜாவைப் பாத்துக் கத்தினதை டிவில பாத்தவங்க மறந்திருக்க மாட்டாங்க. ஒரு விக்கெட்ல ஜெயிச்சோம். லக்ஷ்மண் 73, நட்சத்திரம்.

இதுக்குத் தமிழ்ல "ஆட்டமிழக்காமல் 73". வானொலி வர்ணனைலயும் தினத்தாள்லயும் கேட்டே வளர்ந்த சொல், எனக்கு அது மேல தனிப் பாசம். ஆனா அது பேட் பிடிக்கறவங்களுக்கு மட்டும்தான். ஒரு அணி ஆட்டமிழக்காம இருக்க முடியாது, மல்லன் இருக்க முடியாது, செஸ் ஆடற பொண்ணு இருக்க முடியாது. அவங்களுக்கு "தோலாத" வேணும்.

பேரையே அப்படி வெச்சுக்கிட்டா என்ன ஆகும்னு நம்ம சரித்திரத்துல ஒரு ஆளு இருக்காரு.

அபராஜித வர்மன், பெரும் பல்லவ மரபோட கடைசி அரசன். அபராஜிதன்னா தோற்கடிக்கப்படாதவன். (அது அந்தக் குடும்பத்துல பழைய பட்டம். ராஜசிம்ம பல்லவன் காஞ்சி கைலாசநாதர் கோயில்ல தன்னோட பட்டங்களைச் சுத்திச் சுத்தி வெட்டி வெச்சான். அதுலயும் "அபராஜித" இருக்கு.) சுமார் 880ல கும்பகோணம் பக்கம் திருப்புறம்பியத்துல இவன் பாண்டியன் வரகுணனோட மோதினான். பொன்னியின் செல்வன்ல சதிகாரங்க கூடற பள்ளிப்படை ஞாபகம் இருக்கா? அந்தத் திருப்புறம்பியம்தான். இவன் பக்கம் நின்ன கங்க மன்னன் பிருதிவீபதி அங்கதான் விழுந்தான். ஆனா ஜெயிச்சது பல்லவன். கூட நின்னு சண்டை போட்ட இன்னொருத்தன் ஆதித்த சோழன்.

அடுத்த சில வருஷங்கள்ல அதே ஆதித்தன் அபராஜிதனோட மோதித் தொண்டைநாட்டை எடுத்துக்கிட்டான். அபராஜிதனை அவன் போர்ல ஜெயிச்சதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. கன்னியாகுமரிக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேல போயி, யானை மேல இருந்த பல்லவன் மேல ஆதித்தன் பாஞ்சு கொன்னான்னு சொல்லுது.

எனக்கு அபராஜிதன் மேல இரக்கம்தான் வருது. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில் அவன் காலத்துல நம்பி அப்பி கட்டின கற்றளி. அங்க இருக்கற ஒரு வெண்பாவை அரசனே பாடினான்னு கல்லுலயே வெட்டியிருக்கு. வெண்பா பாடற ராஜா! சிவன் கோயிலுக்குப் பாட்டு எழுதின மனுஷன். அவனைச் சரித்திரம் ஞாபகம் வெச்சிருக்கறது "தோற்கடிக்கப்படாதவன்னு பேர் வெச்சுக்கிட்டுத் தோத்தவன்"னு. திருத்தணி போறவங்க மலைக்கோயிலோட திரும்பிடாம அந்தக் கோயிலையும் ஒரு தடவை பாத்துட்டு வாங்க.

அந்த "அபராஜித" இங்க ஜீடிமெட்லால வருஷா வருஷம் ஒரு நாள் உயிரோட வரும். தசரா அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் ஜம்மி மரத்துக்கிட்ட போவாங்க. ஜம்மிதான் நம்ம வன்னி, தெலங்கானாவோட மாநில மரம். பாண்டவங்க ஆயுதத்தை ஒளிச்சு வெச்ச மரம். அன்னைக்கு அங்க கும்பிடற அம்மனுக்கு அபராஜிதா தேவின்னு பேரு. இலையைப் பறிச்சு "பங்காரம்"னு சொல்லிக் கைல கொடுத்து, பெரியவங்க காலைத் தொட்டு, சம வயசுக்காரங்களைக் கட்டிப் பிடிச்சுக்குவாங்க. நம்ம ஊர்லயும் விஜயதசமிக்கு சாமி வன்னி மரத்துல அம்பு போடுமே, தெற்கே மகர்நோன்புன்னு சொல்வாங்களே, அதோட கூடப்பிறந்தது இது. எனக்கு இங்க இருக்கற பண்டிகைலயே இதுதான் ரொம்பப் பிடிக்கும். அன்னைக்குத் தெருவுல யாரும் யாருக்கும் எதிரி கிடையாது.

அபராஜிதான்னு ஒரு பூவும் இருக்கு. நம்ம சங்குப்பூதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டுல அடுக்கின பூக்கள்ல அது "கருவிளை". ஜெயிச்சவனுக்கு வாகைப்பூன்னு தமிழ் வெச்சுது. தோக்காதவனுக்குச் சங்குப்பூன்னு வடமொழி வெச்சுது. ரெண்டு பூவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா வித்தியாசம் அழகா இருக்கு. வாகை மரத்து உச்சில பூக்கறது, சங்குப்பூ வேலில படர்றது.

பேனருக்கு வர்றேன். "தோலாத அணி"ன்னு எழுதிக் கொடுத்தேன். பிரிண்ட் போடற கடைக்காரர் தமிழ் தெரியாதவர், எழுத்தைப் படம் பாத்து வரையற மாதிரி ரொம்பக் கவனமாப் பாத்துப் போட்டார். தொங்கவிட்டதும் நம்ம பசங்க சுத்தி நின்னு, "அங்கிள், தோல் இல்லாத அணியா?"ன்னு கேட்டாங்க. கல், கல்லாதன்னு ஆரம்பிச்சேன். ஒரு பொண்ணு (டீமோட விக்கெட் கீப்பர்) பாதிலயே பிடிச்சுட்டா. "அப்போ ஏல், ஏலாத. எங்க பாட்டி யாழ்ப்பாணம். அவங்க தினமும் சொல்வாங்க." அதுக்கப்புறம் விளக்க வேலையே இல்லாமப்போச்சு. தெலுங்குப் பசங்க "ஓடனி டீம்"னு புரிஞ்சுக்கிட்டாங்க. அவங்க மொழிலயும் அதே கட்டுமானம் இருக்கு, ஓடு, ஓடனி.

பத்திரிகைல விளையாட்டுப் பக்கம் எழுதறவங்க யாராவது இதைப் படிச்சா, ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்க. "தொடரில் தோலாத ஒரே அணி." "பதினோரு சுற்றுகளிலும் தோலாமல் பட்டம்." தலைப்புல எவ்ளோ இடம் மிச்சமாகும்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

அப்புறம் எனக்கு ஒண்ணு தெரிஞ்சுக்கணும். கொங்குப் பக்கம், நெல்லைப் பக்கம், மட்டக்களப்புப் பக்கம் இருக்கறவங்களே, உங்க ஊர்ல பம்பரமோ கோலியோ ஆடி ஒரு ஆட்டம்கூட விடாதவனை என்னன்னு கூப்பிடுவீங்க? வீட்டுல பாட்டி தாத்தா இருந்தா அவங்களையும் கேட்டுச் சொல்லுங்க.